பதினொரு பேரை மடக்கியவர்

டெரல் ஹாக்ஸ்பி வானொலியில் பேசினால் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் முழுக்கக் கேட்கும். ஊர் ஒன்று சொன்னால் அவர் நேர்மாறாகச் சொல்வார். அதுதான் அவர் பிழைப்பு. அப்படிப்பட்டவரை ஒரு வழக்கில் நடுவர் குழுவில் உட்கார வைத்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுப் புல்வெளியில் நட்டிருந்த தேர்தல் பலகையை, ஆட்டை ஏவிவிட்டுத் தின்னவைத்தார் என்று ஒரு விவசாயி மேல் குற்றச்சாட்டு. குழுவில் இருந்த பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தால்தான் தீர்ப்பு.

விவாத அறையில் குழுத் தலைவி லொரெய்ன் கேட்டார்: "குற்றவாளிதான்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

பதினொரு கைகள் உயர்ந்தன.

ஹாக்ஸ்பி துள்ளி எழுந்தார். "உங்களுக்கெல்லாம் மூளை இருக்கா? டிவிக்காரன் சொன்னா அப்படியே நம்பிடுவீங்களா? ஆடு யார் பேச்சைய்யா கேட்கும்? அதுக்கு எந்தக் கட்சி பலகைன்னு தெரியுமா?"

"அதுவும் வாஸ்தவம்தான்" என்று ஒருவர் கையை இறக்கினார். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாரும் இறக்கிவிட்டார்கள். விவசாயி விடுதலையானார்.

"தனி ஆளா பதினொரு பேரை மடக்கினேன்!" என்று வாசலில் நிருபர்களிடம் ஹாக்ஸ்பி மார்தட்டினார்.

விவசாயியின் மனைவி லொரெய்னிடம் வந்து பொரிந்து தள்ளினார். "நல்லவேளை, அந்த மனுஷன் இருந்தார். இல்லேன்னா நீங்க எல்லாரும் எங்க வீட்டுக்காரரை உள்ளே தள்ளியிருப்பீங்க!"

லொரெய்ன் குரலைத் தாழ்த்தினார். "அட, நீங்க வேற! அவர் பாத்ரூம் போயிருந்தப்பவே, உங்க வீட்டுக்காரர் நிரபராதின்னு நாங்க பதினொரு பேரும் முடிவு பண்ணிட்டோம். அதை அவர்கிட்ட சொல்லியிருந்தா, எதிர்த்துப் பேசியே கிறிஸ்துமஸ் வரைக்கும் எங்களை உட்கார வெச்சிருப்பாரே!"