ஆயில் சொல்லும் ஒழுக்கம்

ஒரு மனிதனின் ஒழுக்கம் அவன் வண்டியின் எஞ்சின் ஆயிலில் தெரிந்துவிடும் என்பது உப்பள முதலாளி கண்ணாயிரத்தின் கொள்கை. மரக்காணத்தில் இதைக் கேட்காமல் யாரும் டீ குடித்து முடித்ததில்லை.

நாளை துபாய்க்குப் புறப்படும் பிரபு, இன்றே பைக்கை விற்றாக வேண்டும். வாங்க வந்த கண்ணாயிரம், டீக்கடை வாசலில் உப்புக் காற்றில் ஒரே நிறமாகிப் போய் நின்ற வண்டிகளில் ஒன்றின் முன் குந்தினார். ஆயில் குச்சியை உருவினார், துடைத்தார், மறுபடி விட்டு எடுத்தார். நுனியில் மட்டும் தார் மாதிரி ஒட்டியிருந்தது.

"ஏம்பா, இதுக்குப் பேரு ஆயிலா? இந்த வண்டி வச்சிருக்கிறவன்லாம் ஒரு மனுசனா?"

"அண்ணே..."

"குறுக்கப் பேசாத. பாதி வெலைன்னா எடுத்துக்கறேன்."

"என் வண்டி அந்தாண்ட நிக்குதுங்க. இது நீங்க ஓட்டினு வந்தது."

"அப்ப இதோட சாவி எங்க?" என்று அதட்டினார் கண்ணாயிரம்.

அவர் சட்டைப் பையில் இருந்தது.