உச்சி எண்ணெய்

ஆப்பிரிக்கா வந்த மூன்றாம் நாள் அருவிக்குப் போகிறோம் என்றதும், தங்கபுஷ்பம் விடியற்காலையிலேயே உச்சி குளிர எண்ணெய் வைத்துக்கொண்டாள். அங்கே குளிக்க விடமாட்டார்கள், வேலிக்கு இப்பால் நின்று பார்க்கத்தான் முடியும் என்பது கணவன் தளவாய்க்குத் தெரியும். சொல்லவில்லை. இருப்பதிலேயே மலிவான வேனில், கூட வந்தவர்களிடம் அவள் தலையைக் காட்டி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். வேனே சிரித்தது. மூன்று மணி நேரமும் அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

வேலியருகே சாரல் மழையாகவே கொட்டியது. அவன் மாட்டிவிட்ட வாடகை மழைக்கோட்டைக் கழற்றி அவன் காலடியில் எறிந்துவிட்டு, கொண்டையை அவிழ்த்தாள். வேன் ஹாரன் அடித்தது.

"ஏட்டி, எல்லாரும் பாக்காவ. வேன் போயிரும்."

"நீங்க போங்க."

சீயக்காய்ப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தாள்.