கடைசிக் கட்டிலுக்குப் பத்து

முதல் கட்டிலுக்கு நூற்றுப் பத்து. இரண்டாவதுக்கு அறுபது. கடைசிக் கட்டிலுக்குப் பத்து, மிஞ்சிப்போனால் பன்னிரண்டு.

சிஸ்டர் எந்தக் கட்டிலருகே எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்பதை மூட்டைக்காரர் இப்படித்தான் எண்ணி வைத்திருந்தார். மூட்டை இறக்கும்போது எண்ணுகிற அதே வேகம். நாற்பது வருஷம் எண்ணிய வாய், படுத்துக் கிடந்தாலும் சும்மா இருக்காது.

கடைசிக் கட்டில் அவருடையது. காலில் ஆணி ஏறி, புண் புரையோடி, ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்து ஒன்பது நாள். அவரைப் பார்க்க வந்தவர்களை எண்ணுவதற்கு மட்டும் வாய்க்கு வேலையே இருக்கவில்லை.

பத்து போதவில்லை. அதனால் ஒரு நாள் நெஞ்சு வலி என்றார். நாற்பது கிடைத்தது. மறுநாள் வயிறு. முப்பது. அதற்கும் மறுநாள் காது.

"காதெல்லாம் நல்லா இருக்கு பெரியவரே. நான் திட்டினா நல்லாவே கேக்கும்" என்றாள் சிஸ்டர். அன்று முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மேசைக்கு எதிரே இருக்கிற முதல் கட்டிலுக்கு மாற்றச் சொல்லி ஆயாவிடம் கேட்டும் பார்த்தார். ஆயா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அதுக்குப் போய் ஆசைப்படுவாங்களா அண்ணே? கண்ணை எடுத்தா கைவிட்டுப் போயிடும்னு இருக்கறவங்களைத்தான் அங்க போடுவாங்க. இந்தக் கோடிக் கட்டில், வீட்டுக்குப் போறவங்களுக்கு."

வீடு என்றதும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுச் சாவி தலையணைக்கு அடியில் இருந்தது. வேறு யாரிடம் கொடுத்துவிட்டு வருவது?

இன்று மதியம் வார்டு முழுவதற்கும் சிஸ்டர் ஒருத்திதான். முதல் கட்டிலில் நேற்று வந்த டிரைவர், சாப்பாட்டில் உப்பில்லை என்று கூரை இடியக் கத்திக்கொண்டிருந்தார். மூன்றாம் கட்டிலில் மருந்துப் பாட்டில் தீரப்போகிறது. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த சிஸ்டர் நடுவழியில் நின்றாள்.

கோடிக் கட்டிலைப் பார்த்தாள்.

அவர் இன்று கூப்பிடவில்லை. கூப்பிடுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. கொஞ்சம் குளிர். கொஞ்சம் தூக்கம். எண்ணுவதற்குக்கூடச் சோம்பலாக இருந்தது.

"மூணாம் கட்டில்கிட்ட நில்லுங்க. பாட்டில் தீர்ற மாதிரி இருந்தா எனக்குக் குரல் கொடுங்க, நீங்களா கை வைக்காதீங்க" என்று ஆயாவிடம் சொல்லிவிட்டு, டிரைவரின் கத்தலைத் தாண்டி, கடைசிக் கட்டிலுக்கு வந்தாள்.

"இன்னிக்கு ஏன் எந்த வலியும் சொல்லல?"

"இன்னிக்கு நெசமாவே ஒண்ணும் இல்லம்மா."

ஒன்பது நாளில் அவர் மனசறிந்து சொன்ன முதல் உண்மை. அதைத்தான் அவள் நம்பவில்லை.

மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் எண்ணத் தொடங்கினார். பத்து. பன்னிரண்டு. கையை விடவில்லை. நாற்பது. அவர் கையை யாராவது இவ்வளவு நேரம் பிடித்திருந்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்ததில் அறுபதுக்குப் பக்கத்தில் கணக்குத் தப்பிவிட்டது.

பார்த்தால், அவள் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. கண் அவர் முகத்தில் இல்லை. ஏறி ஏறி இறங்கும் போர்வையில் இருந்தது.

காலைத் தொட்டுப் பார்த்தாள். விரல் நகத்தை அழுத்திவிட்டு, அதில் சிவப்பு திரும்புகிறதா என்று பார்த்தாள். பையிலிருந்து போனை எடுத்தாள்.

"டாக்டர், கால் புண்காரருக்கு மூச்சு நிமிஷத்துக்கு முப்பத்தாறு. கை கால் ஜில்லுனு கிடக்கு. உடனே வாங்க."

டாக்டரும் ஆட்களும் ஓடிவந்த பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. டிரைவரின் கட்டிலைக் கோடிக்குத் தள்ளினார்கள்.

"என்னை எதுக்கு இங்க ஒதுக்கறீங்க?"

"இவ்வளவு கத்த முடியுதே, நீங்க தேறிட்டீங்க" என்றாள் சிஸ்டர், திரும்பிப் பார்க்காமலே.

மூட்டைக்காரரின் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பியை உயர்த்தி, சக்கரத்தை விடுவித்தார்கள். ஒவ்வொரு கட்டிலாகக் கடந்தபோது அங்கங்கே பேச்சு நின்றது. ஆயா தலைமாட்டில் நின்று தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு கிண்டல்கூடப் பண்ணவில்லை.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

தலையணை நகர்ந்து, சாவி தரையில் விழுந்தது. சிஸ்டர் குனிந்து எடுத்து, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"என்கிட்ட இருக்கட்டும். போகும்போது கேட்டு வாங்கிக்கணும், ஆமா."

அவர் தலையாட்டினார்.

மேசைக்கு எதிரே கட்டில் நின்றது. மூக்கில் குழாயை மாட்டிவிட்டு, அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடியும் மணிக்கட்டைப் பிடித்தாள். பழக்க தோஷம், அவர் வாய் தானாகத் தொடங்கியது. ஒன்று. இரண்டு.

அவள் உதடுகள் அசைவதைப் பார்த்தார்.

சுமைக்காரர்களிடம் ஒரு முறை உண்டு. ஒரு வண்டிக்கு ஒருவர்தான் எண்ண வேண்டும். இன்னொருவரும் சேர்ந்து எண்ணினால் கணக்குக் குழம்பிவிடும்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.