மெதுவாக வளர்வது

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. மருத்துவமனையின் இரண்டாவது மாடிக்குத் திசுப் பரிசோதனையின் முடிவு வந்திருந்தது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“காதுக்குக் கீழ இருக்கற எச்சில் சுரப்பியில புற்றுநோய். அபூர்வமா வர்றது. முகத்து நரம்பைப் பிடிச்சுக்கிட்டே பரவும்,” என்றார் டாக்டர்.

டிரைவரின் கை தானாகக் காதடிக்குப் போனது. “எடுத்துட்டா சரியாயிடுமா?”

“எடுத்தாலும் திரும்பி வரலாம். ஆனா மெதுவா வளர்றது. பத்து, பதினஞ்சு வருஷம்கூட ஓடும்.”

“எனக்கு அறுபத்தாறு வயசு டாக்டர். பதினஞ்சு வருஷம்னா எனக்கு லாட்டரி அடிச்ச மாதிரி.” சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “என் பொண்ணுக்கு இருபத்துமூணுதானே ஆகுது?”

டாக்டர் ரிப்போர்ட்டை உறையில் போட்டு அவரிடம் நீட்டினார்.

வெளியே பெஞ்சிலிருந்து மகள் எழுந்தாள். “என்னப்பா, கட்டி எனக்கா, உங்களுக்கா? மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றீங்க?” என்று சிரித்தாள்.

அவள் வாயின் இடது பக்கம் அசையவில்லை.