கடிவாளம் பிடித்த குரங்கு

ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. குதிரையின் முதுகில் உட்கார்ந்திருந்த குரங்கு அதன் விலாவில் உதைத்து, "போ! போ! இந்தக் கரை முழுகப்போகுது, மேடு அக்கரையிலதான் இருக்கு!" என்று கத்தியது. குதிரை ஓரடி வைக்கும், நின்றுவிடும்.

"சண்டிக் குதிரை! உன்னால ரெண்டு பேரும் சாகப்போறோம்!"

குதிரை தலையைத் திருப்பியது. வாயோரம் ரத்தம் கசிந்தது. "காலால போங்கிற, கையால கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிற. நான் எதைக் கேக்கட்டும், தம்பி?"

குரங்கு தன் கைகளைப் பார்த்தது. பயத்தில் அவை கடிவாள வாரை நெஞ்சோடு இறுக்கியிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு வாரை விட்டது.

குதிரை பாய்ந்தது. தண்ணீர் இருபுறமும் சிதறியது. மிதந்துவந்த மரம் ஒன்று உரசிப் போனது. அக்கரை மேட்டில் ஏறி நின்றபோது குரங்கின் கைகள் இரண்டும் வானத்தில் இருந்தன.

"அண்ணே, இன்னொரு ஆறு இருக்கா?"