மாங்காய் டிசைன்

முயலுக்குக் குட்டி பிறந்திருந்தது. பரிசாகக் குரோஷா போர்வை ஒன்று பின்னித் தர ஆசைப்பட்ட தூக்கணாங்குருவி, அணிலைக் கூப்பிட்டு யோசனை கேட்டது.

"எந்த டிசைன் போடலாம்? நீ சொல்றதுதான்!"

"நட்சத்திரம் போடு."

"ஐயோ, குட்டிக்குக் குத்துமே!"

"அப்போ அலை அலையா?"

"பார்த்தாலே தலை சுத்தும்!"

"சரி, ரோஜாப்பூ?"

"முயல் வீட்டுல பூவைப் பார்த்தா தின்னுடுவாங்களே!"

அலுத்துப்போன அணில் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தது. முக்கால்வாசி பின்னி முடித்த போர்வை ஒன்று உள்ளே தொங்கியது. அதில் முழுக்க மாங்காய் டிசைன்.

"மாங்காய் போட்டா எப்படி இருக்கும்?" என்றது அணில், ஒன்றுமே பார்க்காததுபோல.

"அடடா! இதுக்குத்தான் உன்னைக் கேட்கணும்ங்கிறது!" என்று குருவி துள்ளிக் குதித்தது.

போர்வையைக் கையில் வாங்கிய முயல் பூரித்துப்போனது. "டிசைன் யாரோட செலக்‌ஷன்?"

அணில் வாலை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தது.

"என்னோடதுதான்!"