யானை சொன்ன பெயர்

காட்டில் கிரிக்கெட். அதிக சிக்ஸர் யார் அடிப்பார் என்று பந்தயம். அணில், மழைக்காலத்துக்குச் சேர்த்து வைத்திருந்த கடலை முழுவதையும் யானை மேல் கட்டியது. மற்ற மிருகங்களும் அப்படியே. யானை மட்டும் ஆட்டின் பெயரைச் சொன்னது.

"இந்த அடக்கம் யாருக்கு வரும் அண்ணே!" என்று அணில் உருகிப்போனது.

ஆட்டம் தொடங்கியது. யானை ஒவ்வொரு பந்தையும் தொட்டில் ஆட்டுவதுபோல மெதுவாகத் தட்டி நிறுத்தியது. கடைசியில் இறங்கிய ஆடு கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்ற, பந்து விளிம்பில் பட்டு எல்லைக்கு வெளியே விழுந்தது. அன்றைக்கு அந்த ஒரே சிக்ஸர்தான்.

"என்னண்ணே இப்படி ஆடிட்டீங்க?" அணில் அழாத குறையாகக் கேட்டது.

கடலையை ஒரே வாயில் போட்டுக்கொண்டு யானை சொன்னது: "ஆட்டுத் தம்பி திறமை மேல எனக்கு எப்பவுமே ஒரு நம்பிக்கை உண்டுப்பா."